மூடி இல்லாமல் ஓடும் ஜெல் தொட்டி குறித்து

அனுப்புநர்:
முதுநிலை உதவியாளர்,
குருத்தெலும்பு ஆய்வுப் பிரிவு, இரண்டாம் மாடி.

பெறுநர்:
பாதுகாப்பு அலுவலர், தரைத்தளம்.

பொருள்: ஜெல் தொட்டியில் மின்சாரம் பாய்வதால் பாத்திரம் கழுவும் அக்காவின் உயிருக்கு ஆபத்து – நாளைக் காலை பத்து மணிக்குள் தடுக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வெட்கக்கேட்டை முதலில் சொல்லித் தொலைக்கிறேன். திங்களன்று அக்காவுக்கு ஷாக் அடித்தபோது அருகில் இருந்தவன் நான் ஒருவன்தான். சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் ஸ்டூல் மேல் ஏறி நின்றுகொண்டேன். வயது ஐம்பத்திரண்டு, எடை தொண்ணூறு கிலோ. ஏறிய வேகம் எனக்கே வியப்பு.

2. மூட்டு அறுவைச் சிகிச்சையில் எடுத்த குருத்தெலும்பைக் கரைத்து, ஜெல்லில் இட்டு, மின்சாரம் பாய்ச்சுவோம். சிறிய மூலக்கூறுகள் முந்தும், பெரியவை பின்தங்கும். குருத்தெலும்பு எவ்வளவு சிதைந்திருக்கிறது என்பது அதில் தெரியும். குருத்தெலும்பின் பெரிய மூலக்கூறுகள் நான் வேலைக்கு வரும் வேகத்தில்தான் நகரும். ஆகவே வோல்டேஜைக் கூட்டுகிறோம். தொட்டி சூடாகிறது. அரை மணிக்கொருமுறை ஐஸ் மாற்ற வேண்டும். எனக்குப் பயம் என்பதால் அந்த வேலை அக்காவிடம் போயிற்று.

3. தொட்டியின் அமைப்புப்படி, மூடியைத் திறந்தால் மின்சாரம் தானே நின்றுவிடும். நின்று நின்று ஓடினால் ஜெல் கெடுகிறதென்று மூடி கழற்றப்பட்டு, வயர் இரண்டு கிளிப்புகளால் நேரே தொட்டியில் மாட்டப்பட்டுள்ளது.

4. அக்கா ஈரக்கையோடு தொட்டிக்குள் இருந்த ஐஸ் பொட்டலத்தைத் தொட்டார். உதறிக்கொண்டு பின்னால் விழுந்தார். விழுந்ததால் பிழைத்தார், என்னால் அல்ல.

5. பிரிவுத் தலைவரிடம் ஓடினேன். மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "எழுந்து நடக்கிறாங்கல்ல? ஜெல் கெடலையே?" என்றார். கெடவில்லை. அருமையாக வந்திருந்தது.

6. நாளை பத்து மணிக்கு மறுபடி ஓட்டம், இருநூறு வோல்ட். இன்று மாலை அக்கா ரப்பர் கையுறைக்குள் ஊதி, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, நாளைக்காவது சுவிட்ச அணைப்பியா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நேரே வந்து இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

என்னை நம்பி அவர் அந்தத் தொட்டிக்குள் கையை விட வேண்டாம், ஐயா. ஓட்டம் தொடங்குமுன் தாங்களே மேலே வந்து, அந்தக் கிளிப்புகளைப் பிடுங்கிச் செல்லுமாறு கைகூப்பிக் கேட்கிறேன்.

நாள்: புதன், மாலை 5.40
இடம்: இரண்டாம் மாடி, தொட்டியிலிருந்து தள்ளி

இங்ஙனம்,
(கையெழுத்து)
முதுநிலை உதவியாளர்

இணைப்பு: கிளிப் மாட்டும் யோசனையை அளித்தமைக்காக எனக்கு வழங்கப்பட்ட பாராட்டுக் கடிதத்தின் நகல் – 1.