குளிருக்கு ஏற்ற சென்ட்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நீயும் பாப்பாவும் நலந்தானே? உன் இருமல் விட்டதா? எனக்கு ஒரு குறையும் இல்லை. குளிர் மட்டும் காதைப் பிடித்துத் திருகுகிறது.

நேற்று ஒரு கணவனும் மனைவியும் கடைக்கு வந்தார்கள். "குளிர்ல லேசான சென்ட் நிக்காதுங்க. இதுமாதிரி கனமா இருந்தாத்தான் தாங்கும். என் வீட்டுக்காரிக்கு இதுன்னா உசுரு" என்று வழக்கம்போல் அளந்துவிட்டேன். முகர்ந்து பார்த்த அந்த அம்மா சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்ன, கோவமா?" என்றார் கணவர்.

"கோவமில்லீங்க. தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது."

எனக்குச் சுருக்கென்றது. போன லீவில் இதே சென்ட்டைத்தான் சட்டை முழுக்க அடித்துக்கொண்டு பெருமையாக வந்து இறங்கினேன். நீ தலையில் துணியை இறுகக் கட்டிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாய். கோபம் என்று நினைத்து, கிளம்பும் நாள்வரை நானும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை, மடையன்.

நம் வீட்டுத் தலையணை உறை ஒன்று அனுப்பு. இங்கே என் போர்வைகூடக் கடை மாதிரி மணக்கிறது.

கடை திறக்க நேரமாகிவிட்டது. மூன்று முறை சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அப்படியும் தாள் மணந்தால் கொஞ்ச நேரம் கொடியில் காயப்போடு. முகத்தை மட்டும் திருப்பிக்கொள்ளாதே.

இப்படிக்கு,
அந்த மடையன்