அக்கா பாடிய ஞாயிறு

நவம்பர் 3, 2008. திங்கள்.

காலையிலிருந்து தூறல். முதல் ஷிப்ட். மறைமலை நகர் வரை பஸ்ஸில் நின்றே பயணம், திரும்பும்போதும் அப்படியே. துவைத்த சட்டை எதுவும் காயவில்லை.

மாலை அடுத்த தெருவில் கிரேஸ் அக்கா வீடு. ரிப்போர்ட் வந்துவிட்டது. தைராய்டு கட்டி புற்றுநோய்தான். அடுத்த புதன் ஆபரேஷன். டாக்டர் சொன்னதை மாமா அப்படியே ஒப்பித்தார். கட்டி குரல் நரம்பைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பிரிக்க வராவிட்டால் நரம்பையும் சேர்த்து வெட்டவேண்டும். பேச்சு ஓரளவு வரும், பாட்டு வராது. உயிருக்கு ஒன்றுமில்லை என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். தனக்கே சொல்லிக்கொண்டார் போல.

அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்: "நம்ம கேரல் பாட்ட மட்டும் பதிஞ்சு வெச்சிடேன்டா."

அவளே வரியும் மெட்டும் கட்டிய பாட்டு. "மழை விட்ட தெருவிலே விளக்கோடு வருகிறோம்." டிசம்பர் வந்தால் ராஜகீழ்ப்பாக்கத்தில் வீடு வீடாகப் பாடிப்போவோம், அவள் பாட, நான் கிடார். கேசட், சிடி எதிலும் கிடையாது. யாருக்குத் தோன்றியது.

சரி என்றேன். வீட்டுக்கு வந்து பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நவ. 5, புதன்.

லீவு. ரிச்சி தெரு. முழங்காலுக்குக் கீழே சேறு. நாலு கடை ஏறி இறங்கியபின் கிடைத்தது: கிடாரையும் மைக்கையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி. சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிது. முன்பக்கம் இரண்டு துளை, ஹெட்போனுக்கு ஒன்று, பின்னால் யு.எஸ்.பி.

என் கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்று சொன்னதும் கடைக்காரர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "லினக்ஸ் கினக்ஸ்லாம் நமக்குத் தெரியாது சார். வேலை செஞ்சா உங்க அதிர்ஷ்டம். செய்யலன்னு திரும்ப எட்த்துகினு வராதீங்க."

வேறு வழியில்லை. பழைய மெஷின், முன்பிருந்த சாஃப்ட்வேர் வைரஸ் பிடித்துச் செத்தபிறகு பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து லினக்ஸ் ஏற்றியது. ஓசி மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.

நவ. 6, வியாழன்.

பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது. கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவில்லை. கல்யாண வீட்டில் பெண் வீட்டார் முறைத்துக்கொண்டது மாதிரி.

செய்தவை: லினக்ஸின் அடித்தளமான கர்னலையே மாற்றியாச்சு. ஆடியோ குரூப்பில் என் பெயர் சேர்த்தாச்சு. இணையத்தில் எவனோ எழுதிய கட்டளை ஒன்று, அர்த்தம் புரியாமலே. பால் வாங்க மறந்தாச்சு.

நடுவில் கரண்ட் கட். நெட் கட். யு.பி.எஸ். பேட்டரி ஐந்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. கும்பிட்டுக்கொண்டு படுத்தேன்.

நவ. 8, சனி.

வேலை செய்கிறது! ஜாக் என்ற புரோகிராம். திரையில் ஒரு பக்கம் பெட்டியின் துளைகள், மறுபக்கம் பதிவாகும் கோடுகள். எந்தத் துளை எந்தக் கோட்டுக்கு என்று நாமே மவுசால் ஒயர் இழுக்கவேண்டும். முதல் துளை கிடார் (வயிற்றுக்குள் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் இருக்கிறது, நேராகச் சொருகலாம்), முதல் கோடு. இரண்டாவது துளை மைக், இரண்டாவது கோடு. இழுத்தேன். இரண்டும் தனித்தனியாகப் பதிந்தன.

சோதனைக்கு அக்காவைக் கூப்பிட்டேன். ஹெட்போனில் அவள் குரல் அவளுக்கே தாமதமாகக் கேட்டது. இரண்டு வரியில் தடுமாறி நிறுத்திவிட்டாள். எனக்குப் பின்னால் யாரோ பாடுகிறார்கள் என்றாள்.

பெட்டியில் ஒரு திருகு இருக்கிறது. அதைத் திருப்பினால் சத்தம் கம்ப்யூட்டருக்குள் போய் வராமல் நேராக ஹெட்போனுக்கே வந்துவிடும். தாமதம் போச்சு. பெரிய இன்ஜினியர் மாதிரி அவளைப் பார்த்துச் சிரித்தேன்.

அவள் சொன்னது ஒன்றுதான்: "கிடாரக் கொறைடா."

வருஷா வருஷம் தெருவில் வைத்துச் சொல்வதும் இதுதான். கிடாரைக் குறைத்தால் என் காதுக்கு நான் கேட்கமாட்டேன் என்பேன். நீ கேட்டு யாருக்கு என்ன லாபம் என்பாள்.

நவ. 9, ஞாயிறு.

ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, மதியம். ஃபேன் நிறுத்தம். ஜன்னல் சாத்தியாச்சு. கதவில் மெத்தை. மாமா வாசலில் காவல். பக்கத்து வீட்டில் குக்கர் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார், பாவம்.

முதல் தடவை பாதிப் பாட்டில் கரண்ட் போனது. அக்கா கட்டிலில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தாள். கழுத்தில் அந்த மேடு, விசிறும்போது தெரிந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

கரண்ட் வந்ததும் அவசர அவசரமாக எல்லாவற்றையும் திறந்தேன். மறுபடி போவதற்குள் முடிக்கவேண்டும். திரையில் இரண்டு கோடும் துள்ளின. ஹெட்போனில் அவள் குரல் கண்ணாடி போல. வாசிக்கும்போது ஒரு இடத்தில் சுரம் விட்டேன். அவள் விடவில்லை. இதற்குமேல் அவள் நன்றாகப் பாடி நான் கேட்டதில்லை.

போட்டுக் காட்டவா என்றேன். வேண்டாம் என்றாள். "இப்பக் கேட்டா தப்புதான் தெரியும். ஆபரேஷன் முடிஞ்சு வந்து கேக்கறேன்."

மறுபடி கரண்ட் கட். நல்லவேளை, சேவ் செய்திருந்தேன்.

நவ. 10, திங்கள்.

ஷிப்ட். ஓவர்டைம். மழை. கம்ப்யூட்டரைத் தொடவில்லை.

நவ. 12, புதன்.

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். அதற்குமுன் என்னிடம் பேசியது, மாமாவுக்கு இட்லி வாங்கிக் கொடு என்று. மாமா சாப்பிடவில்லை. நான்தான் சாப்பிட்டேன், அதுவும் நாலு.

மதியம் டாக்டர் வெளியே வந்தார். கட்டி முழுக்க எடுத்தாச்சு. நரம்பைக் காப்பாற்ற முடியவில்லை.

மாமா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். நானும்.

நவ. 14, வெள்ளி.

சிடி போட்டு அக்காவுக்குக் கொடுக்கலாம் என்று திறந்தேன்.

இரண்டு கோட்டிலும் கிடார்.

இரண்டாவதைத் தனியாகப் போட்டேன். கிடார். திரும்பத் திரும்பப் போட்டேன். அன்று கரண்ட் போய் வந்ததில் நான் இழுத்த ஒயர்கள் மறைந்திருக்கின்றன. புரோகிராம் தானாக முதல் துளையையே இரண்டு கோட்டுக்கும் இழுத்துக்கொண்டது. மைக் எங்கேயும் போகவில்லை, என் காதைத் தவிர. நான் திருகிய திருகுதான் காரணம். கம்ப்யூட்டரில் ஏறாத குரலையும் ஹெட்போனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

ஒயர்களை ஒரு முறை பார்த்திருக்கலாம். ஒரு வரி போட்டுக் கேட்டிருக்கலாம். முட்டாள். முட்டாள்.

மாலை சத்தத்தை முழுக்கக் கூட்டி மறுபடி கேட்டேன். இரைச்சல். அதற்குள், சுரம் விட்ட இடத்தில், அவள். கிடார் வயிற்றில் மோதிய குரலைப் பிக்கப் கொஞ்சம் எடுத்திருக்கிறது. அதன்பிறகு பாட்டு முழுக்கத் தேடினால் கிடைக்கிறாள், நாலு வீடு தள்ளிப் பாடுவதுபோல.

இணையத்தில் கேட்டேன், கிடாரை எடுத்துவிட்டுக் குரலை மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா. ஒருவர் பதில் போட்டார்: ஒரே கோட்டில் பதிந்துவிட்டது, காப்பியில் ஊற்றிய பாலைத் திரும்ப எடுக்க முடியாது.

நவ. 16, ஞாயிறு.

கோவிலுக்குப் போகவில்லை. மாமாவிடம் சொன்னேன். இப்ப அவகிட்ட சொல்லாதே என்றார். என்னைத் திட்டியிருக்கலாம்.

நவ. 22, சனி.

வெயில், ரொம்ப நாளைக்குப் பிறகு. அக்கா வீடு திரும்பி நாலைந்து நாள். குரல் வெறும் காற்று. தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது.

பாட்டு எங்கே என்று கை ஜாடையில் கேட்டாள். சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதற்குள் ஹெட்போனைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டாள். அவள் குரல் கொஞ்சமாவது கேட்கும்படி சத்தம் கூட்டி வைத்திருந்ததைப் போட்டேன்.

கண்ணை மூடிக் கேட்டாள். விரல் தொடையில் தாளம். உதடு கூடவே அசைந்தது. பிறகு முகம் சுருங்கியது, எதையோ தேடுவது மாதிரி. ஹெட்போனைக் கையால் காதோடு அழுத்திக்கொண்டாள்.

கண்ணைத் திறக்காமலே, அந்தக் காற்றுக் குரலில்:

"கிடாரக் கொறைடா."

குறைத்தேன். அவளும் குறைந்தாள்.