விளக்கடியில் இருந்த நீலம்

என்னங்க,

போன வெள்ளிக்கிழமை கோயிலில் கற்பூர வாசனைக்கு நடுவே பெயிண்ட் தின்னர் வாசனை வந்தது. பிரகாரம் சுற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். நீங்கள்தான் சாயமடிக்கும் பட்டறையிலிருந்து நேராகக் கோயிலுக்கு வந்துவிட்டீர்கள், குளிக்காமல் வந்ததற்கு ஏச வேண்டும் என்று வாய் தயாராகிவிட்டது. அப்புறம்தான் நினைவு வந்தது, அடுத்த வாரம் உங்களுக்குத் திதி.

வாசல் தகரக் கூரைக்கடியில் ஒரு ஸ்போர்ட்ஸ் காடி தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. புதுச் சாயம். சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. குருக்கள் சந்தனக் கிண்ணத்தோடு குனிந்ததும் காடிக்காரத் தம்பி பாய்ந்து வந்தார்.

"சாமி, சாமி! பானெட்ல வெக்காதீங்க லா! மேல அடிச்ச கிளியர் இன்னும் நல்லா காயல."

"அப்ப எங்கப்பா வெக்கிறது? ஆகாயத்துலயா?"

"கண்ணாடில வைங்க சாமி. சின்னதா."

"மொதலாளிய விட்டுட்டு டிரைவருக்குப் பொட்டு வெச்ச மாதிரி இருக்கு" என்றார் குருக்கள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நிறத்தைப் பார்த்துவிட்டேன். நம் வீட்டுச் சாமி அறையில் விளக்குக்கு அடியில் கிடக்கும், நீங்கள் சாயமடித்த தகட்டின் நிறம் அது. உலகத்தில் ஒரே ஒரு காடிக்குத்தான் அது என்று அந்த விளக்கைத் தொட்டு நீங்கள் சத்தியம் செய்த நிறம்.

நான் சந்தேகப் பிராணி என்பது உங்களுக்குப் புதிதா? கல்யாணமாகி ரெம்பியாவுக்கு வந்த புதிதில், பட்டறையிலிருந்து நீங்கள் வந்ததும் வாசலிலேயே நிறுத்தி "ஊதுங்க" என்பேன். நீங்கள் ஊதுவீர்கள். "தின்னரக் குடிச்சவன் நடந்து வருவானா கிராணியம்மா?" என்பீர்கள். வீட்டுக் கணக்கை நான் ஒரு சல்லி விடாமல் எழுதுவதால் எனக்கு அந்தப் பெயர். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிகூட இப்படிச் சோதனை போடமாட்டான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வீர்கள். சட்டைக் காலரில் சிவப்பு ஒட்டியிருந்த அன்று நான் சாப்பாடே எடுத்து வைக்கவில்லை. மறுநாள் ஒரு சிவப்புக் கதவையே கழற்றி வீட்டுக்குத் தூக்கி வந்து, "இந்தா, இவதான். நல்லாப் பாத்துக்க" என்று கூடத்தில் சாய்த்து வைத்தீர்கள்.

ஆனால் உங்கள் சந்தேகத்துக்கு முன்னால் என்னுடையது ஒன்றுமில்லை. நீங்கள் மனிதர்களை நம்பினீர்கள், வெளிச்சத்தை நம்பவில்லை. கடைக்குள் எரியும் டியூப் லைட்டை நம்பமாட்டீர்கள், நடுப்பகல் வெயிலை நம்பமாட்டீர்கள். போனில் எடுத்த படத்தைக் காட்டி யாராவது "இந்தக் கலர்" என்றால் வாங்கிக்கூடப் பார்க்கமாட்டீர்கள். வெயில் ஏறுமுன் வாசலில் நின்று, தகட்டை நேராக ஒரு முறை, சாய்த்து ஒரு முறை பார்ப்பீர்கள். "இந்த மாதிரிக் காடில ஒடம்பு பூரா வளைவு. ஒரு கலரு நாலு கலராத் தெரியும். நாலும் பிடிச்சாத்தான் அடிக்கணும்" என்பீர்கள். கலர் கேட்டு வருகிறவர்களிடம் நீங்கள் முதலில் கேட்பது, "எந்த நேரத்துல ஓட்டுவீங்க?" பாதிப் பேருக்குப் பதில் தெரியாது.

அந்த ஒரே காடியின் சொந்தக்காரர், டத்தோ பட்டம் வாங்கினவர், அவருக்குத் தெரிந்திருந்தது. "காலைல, தஞ்சோங் கிளிங் கடலோர ரோட்டுல. தனியா" என்றார். அதனாலேயே உங்களுக்கு அவரைப் பிடித்துப்போனது. எனக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு பெரிய மனிதர் மலாக்கா டவுனில் இத்தனை கடை இருக்க நம் தகரப் பட்டறைக்கு ஏன் வர வேண்டும் என்று அடுப்படியில் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். காடிக் கம்பெனிக்காரன் கொடுத்த கலர்ப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிக் காட்டினார். எதுவும் வேண்டாமாம். "இதுல இருக்கிற எதையும் பணம் இருக்கிறவன் எவனும் வாங்கிடலாம். இதுல இல்லாதது வேணும்."

தகடு தகடாக அடித்துக் காட்டினீர்கள். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். கடைசியில் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தவர் சாமி அறை வாசலில் நின்றுவிட்டார். காலையில் வேலியில் பறித்து வைத்த சங்குப்பூ படத்தடியில் கிடந்தது.

"இது" என்றார்.

"அது சாமிக்கு வெச்சது" என்றேன் நான் அவசரமாக.

"பூவ எடுக்கலம்மா. கலரத்தான் கேக்கிறேன்."

அந்த நீலத்துக்கு நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். நேராகப் பார்த்தால் நீலம், சாய்த்தால் ஊதா ஓட வேண்டும். பளபளப்புக்குப் போடும் முத்துத் தூளைக் கூட்டுவீர்கள், குறைப்பீர்கள். நான் தினமும் புதுப்பூ பறித்துப் பட்டறைக்கு அனுப்புவேன். வதங்கின பூவைப் பார்த்துக் கலக்கக் கூடாது என்பீர்கள். ஒருநாள் காலை வாசலில் நின்று தகட்டின் மேல் பூவை வைத்தீர்கள். பூ எங்கே என்று நான் தேட வேண்டியிருந்தது.

டத்தோ ஒரே ஒரு வார்த்தை கேட்டார், இது வேறு காடியில் வரக்கூடாது. நீங்கள் கலவை எழுதின தாளைக் கற்பூரத்தில் கொளுத்தினீர்கள். மற்ற தகடுகளைச் சுரண்டிப் போட்டீர்கள். விளக்கைத் தொட்டுச் சத்தியம் செய்தீர்கள். "பூ இந்த வீட்டுப் பூ. ஒரு தகடு அம்மாகிட்ட இருக்கட்டும்" என்று அவரே சொல்லித்தான் ஒன்று எனக்கு மிஞ்சியது. எண்ணெய் வழியாமல் இருக்க அதை விளக்குக்கு அடியில் வைத்தேன். "மேல நல்ல கிளியர் போடலம்மா, வெறும் லாக்கர் பூச்சுதான், ரொம்ப நாள் தாங்காது" என்றீர்கள். நான் காதில் வாங்கவில்லை.

இப்போது சொல்லுங்கள், கோயில் வாசலில் அதே நிறத்தைப் பார்த்தால் எனக்கு எப்படி இருக்கும்? தம்பியிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். நம் தெருக்கோடி வீட்டுக்கு அம்மாவோடு புதிதாகக் குடிவந்தவராம். எங்கே அடித்தது என்றதற்கு, மலாக்கா டவுன் கடை ஒன்றைச் சொன்னார்.  நீங்கள் நோயில் படுத்திருந்தபோது ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தாரே, அவருடைய கடை. நான் காப்பி கொண்டுவந்ததும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினீர்கள். அப்புறம் அவர் எழுந்து, "சாமி ரூம்ல கும்பிட்டுக்கிறேன்க்கா" என்று உள்ளே போய் வெகுநேரம் நின்றார். பக்திமான் என்று நினைத்தேன். அவர் போனதும் நீங்கள் சிரித்தீர்கள். இருமல் வரும்வரை சிரித்தீர்கள். "நல்லாக் கும்புடட்டும் கிராணியம்மா. கண்ணுக்குத் தெரிஞ்சதத்தானே கும்புடுவான்" என்றீர்கள். நோயாளி ஏதோ பேசுகிறார் என்று விட்டுவிட்டேன்.

கோயிலிலிருந்து வீடு வரும்வரை அந்தச் சிரிப்பே காதில் கேட்டது. கலவையை அவருக்குச் சொல்லிவிட்டுத்தான் சிரித்தீர்களா? பொய்ச் சத்தியத்தைத் தாங்கின விளக்கையா இத்தனை காலம் தேய்த்துப் பொட்டு வைத்தேன்? அதே விளக்கின் முன்னால் அடுத்த வாரம் உங்களுக்கு எப்படி இலை போடுவேன்?

சாமி அறைக்குப் போய்ப் பார்த்தேன். விளக்கைச் சுற்றித் தெரிந்த தகடு அந்தக் காடியின் நிறமேதான். காலையில் ஏற்றின விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எரிகிற விளக்கைத் தூக்கவும் மனமில்லை, அணைக்கவும் மனமில்லை. எதிரில் உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமையென்று எண்ணெயைத் தாராளமாக ஊற்றியிருந்தேன். அன்று அதற்காக என்னையே நொந்துகொண்டேன். உங்கள் படத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் நீங்கள் சிரிப்பீர்கள், நான் ஏதாவது சொல்லிவிடுவேன்.

திரி தானாகக் கருகினதும் விளக்கைத் தூக்கினேன். பிசுக்கு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. இழுத்ததும் தகட்டின் நடுவில் வட்டமாக ஒரு நீலம். பளிச்சென்று, சாய்த்ததும் ஊதா ஓடுகிற நீலம். நம் சங்குப்பூ. அதைச் சுற்றி நான் தினமும் பார்த்துப் பழகிய நிறம் வேறு. விளக்குப் புகையும் சூடும் எண்ணெயும் சேர்ந்து லாக்கரை மஞ்சளாக்கி, நீலத்தைப் பச்சைப் பக்கம் இழுத்துவிட்டிருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக மாறினதால் கூடவே இருந்த எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் நம்பிவிடவில்லை. வீட்டு வெளிச்சத்தில் பார்த்தது கணக்கில் சேராது, இல்லையா? மறுநாள் வெயில் ஏறுமுன், தகட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு தெருக்கோடிக்குப் போனேன். தம்பி அரைத் தூக்கத்தில் வந்தார்.

"காடியக் கொஞ்சம் வெளில எடுப்பீங்களா தம்பி?"

"ஏன் ஆண்ட்டி, யார் வழியையாவது மறைக்குதா?"

"ஒண்ணு பாக்கணும். எடுங்க."

எடுத்தார். கதவின் மேல் தகட்டைப் பிடித்தேன். நேராக, அப்புறம் சாய்த்து. ஓரம் அப்படியே ஒட்டிப்போயிற்று. நடுவட்டம் ஒட்டவே இல்லை. காடி பச்சை கலந்த நீலமாக நின்றது, வட்டம் பூவாக இருந்தது.

"ஆண்ட்டி, இந்த ஓரம் என் காடி கலராச்சே! ஏன் கேக்கிறேன்னா, கடைக்காரரு போன்ல ஒரு போட்டோ காட்டினாரு. ஏதோ சாமி வெளக்கு. அதுக்கு அடில உள்ள கலர்தான் இது, நாட்டுலயே ஒரு காடிக்குத்தான் இருக்குன்னு சொன்னாரு."

அவ்வளவு நேரம் அந்த மனிதர் எதைக் கும்பிட்டார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கட்டிலில் படுத்தபடி நீங்கள் எதற்குச் சிரித்தீர்கள் என்பதும். வாயால் கேட்டிருப்பார், நீங்கள் சொல்லியிருக்கமாட்டீர்கள். அதனால்தான் சாமி அறைக்குள் போய்ப் படமெடுத்திருக்கிறார். வெறும் லாக்கர் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

தம்பியின் கண் வட்டத்தை விட்டு நகரவில்லை. "நடுவுல உள்ளது செம்மையா இருக்கே ஆண்ட்டி. இதுதான் நெசமான கலரா? ஒருநாள் குடுங்களேன். கடையில மெஷின்ல வெச்சுக் கலரப் படிச்சிடுவாங்க. பத்திரமாத் திருப்பிக் குடுத்துடுறேன்."

துண்டைச் சுற்றினேன். "இது வெளக்குத் தகடு தம்பி. வீட்ட விட்டு வெளில வராது."

"இப்ப வந்திருக்கே!"

"அதான் திரும்பிப் போவுது."

வீட்டுக்கு வந்ததும் தகட்டைத் துடைத்தேன், ஓரத்தை மட்டும். விளக்கை அதே வட்டத்தின் மேல், நடு நீலம் துளியும் தெரியாமல் வைத்தேன். நிம்மதியாக அழுதேன் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆகவே சொல்லவில்லை.

திதிக்கு இலை போட்டாயிற்று. உங்களுக்குப் பிடித்த கருவாட்டைத்தான் வைக்க முடியவில்லை, மற்றதெல்லாம் வைத்தேன். அன்று சாயங்காலம் வாசல் கேட் அருகே தெருக்கோடி அக்கா, அந்தத் தம்பியின் அம்மா, வருவது ஜன்னலில் தெரிந்தது. கையில் ஒரு பை. தூரத்திலிருந்தே ஆரஞ்சுப் பழம் தெரிந்தது.

பாவம், நல்ல மனுஷியாகவும் இருக்கலாம். திதி என்று கேள்விப்பட்டு வந்திருக்கலாம். ஆனால் நான் உங்களோடு வாழ்ந்தவள். கதவைத் திறப்பதற்கு முன் சாமி அறைக்குப் போய்த் திரியை ஏற்றினேன். எரிகிற விளக்கை யாரும் தூக்கமாட்டார்கள்.

"வீட்ல வெளக்கு எரியுதே" என்றார் அக்கா, பழத்தை என் கையில் கொடுத்தபடி. "ஒரு கும்புடு போட்டுக்கலாமா?"

"தாராளமா வாங்கக்கா" என்றேன். "எவ்வளவு நேரம் வேணும்னாலும் கும்புடுங்க."

அவர் கண்ணை மூடிக் கும்பிட்டார். நான் மூடவில்லை. பக்கத்தில் நின்று விளக்குக்கு இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினேன்.