துண்டு போட்டு வைத்த இடம்

சிதம்பரம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் இளமதி எழுதுவது. நான் நலம். அத்தையும் நலம், முட்டி வலிதான் கொஞ்சம் ஜாஸ்தி. நீங்கள்தான் போன் போட்டால் எடுப்பதில்லை, வாட்ஸ்அப்பைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அதனால்தான் தோஹாவுக்குத் திரும்பும் பரங்கிப்பேட்டை ஜாபர் அண்ணனிடம் எலுமிச்சை ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். ஊறுகாயை மட்டும் பிரித்துவிட்டு இதை ஓரமாக வைத்துவிடாதீர்கள்.

வேலையை விட்டுவிட்டு உங்களோடு குடித்தனம் நடத்த அங்கே வர முடியுமா என்று நீங்கள் கேட்டதற்கு, "முடியாதுன்னு சொல்லிட்டு மூஞ்சில அடிச்சாப்ல போன வெச்சுட்டா" என்று அத்தையிடம் சொன்னீர்களாம். கேட்டதும் கோபம்தான் வந்தது. போன் தானாகத்தான் கட் ஆனது என்றேன். டவர் கம்பெனியில் வேலை பார்க்கிறவள் சொன்னால் யார் நம்புவார்கள் என்று அத்தையே கேட்டுவிட்டார்கள். சரி, இதை ஒரு கை பார்த்துவிடுவது என்று இறங்கிவிட்டேன்.

கடலூரிலிருந்து வீட்டுக்கு வரும் பஸ்ஸில்தானே தினமும் உங்களோடு பேசுவேன். புதுச்சத்திரம் தாண்டியதும் பின்னால் இருக்கும் டவர் என் பேச்சை முன்னால் இருக்கும் டவரிடம் ஒப்படைக்க வேண்டும். அங்கே சேனல், அதாவது ஒரு பேச்சு உட்கார இடம், காலியாக இருந்தால்தான் அது வாங்கிக்கொள்ளும். அந்த நேரம் பார்த்து இறால் கம்பெனி விடுகிறது. வெளியே வரும் பெண்கள் எல்லாரும் வீட்டுக்குப் போன் போடுகிறார்கள். சேனல் நிரம்பிவிடுகிறது, பஸ்ஸில் வருகிறவர்களின் பேச்சு அறுந்துபோகிறது.

சில சேனல்களைப் புதிதாகப் போன் போடுகிறவர்களுக்குக் கொடுக்காமல், பேசிக்கொண்டே வருகிறவர்களுக்கென்று வைக்கலாம் என்று மேலாளர் ராஜவேல் சாரிடம் கேட்டேன். லைன் கிடைக்கவில்லை என்று புகார் வந்தால் யார் பதில் சொல்வது என்றார். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதில்லையா, அப்படித்தான் சார் என்றேன். "துண்டு போட்டா சண்டதாம்மா வரும்" என்று சிரித்தார். லைன் கிடைக்காதவர் மறுபடி போட்டுக்கொள்வார், பாதி வாக்கியத்தில் அறுந்தால் குடும்பத்தில் பேச்சே நின்றுபோகிறது சார் என்றேன். அதற்கு மேல் அவர் சிரிக்கவில்லை, சோதித்துப் பார்க்கச் சொல்லிவிட்டார். போன வாரம் முழுக்க அத்தையோடு பேசிக்கொண்டே வந்தேன். வீடு வந்து சேரும்வரை முட்டி வலியைச் சொன்னார்கள், ஒரு தடவைகூடக் கட் ஆகவில்லை.

அன்றைக்கு நான் சொன்னது இதுதான்: "முடியாதுன்னு சொல்லல மாமா. அங்க ஒரு வேலய பிடிச்சுட்டுதான் இத விடுவேன்." முதல் சொல்லோடு லைன் போய்விட்டது. நம் தமிழில் 'இல்லை' என்பது கடைசியில்தானே வருகிறது.

இப்போதும் அதையேதான் சொல்கிறேன். உங்களுக்குக் கோபம் வந்தாலும் சரி, கையில் ஒரு வேலை இல்லாமல் விமானம் ஏற மாட்டேன். தோஹாவில் இரண்டு இடங்களுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று.

வேளைக்குச் சாப்பிடுங்கள், வெயிலில் அலையாதீர்கள். புதன்கிழமை சாயங்காலம் அதே பஸ்ஸில்தான் வருவேன். திட்டுவதற்காகவாவது ஒரு போன் போடுங்கள் மாமா. உங்களுக்காகத்தான் துண்டு போட்டு வைத்திருக்கிறேன்.

என்றும் உங்கள்
இளமதி