இடது முன்சக்கரம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு எழுந்தாலும் உட்கார்ந்தாலும் நினைப்பு. இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன், மேலே பார்த்திருப்பாய். எனக்கு அந்தப் பழைய முழங்கால் வலி தவிர ஒன்றும் இல்லை. அப்பாவைப் பற்றித்தான் எழுத வேண்டும். போனில் சொல்லலாம் என்றால் நீ கூப்பிடும்போதெல்லாம் ஸ்பீக்கரில் போடு என்று சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார். அதனால் அவர் முடிவெட்டப் போன நேரம் பார்த்து எழுதுகிறேன். பாதியில் நிறுத்திவிட்டுப் பதறிக்கொண்டு போன் போடாதே. கடைசிவரை படி.

கார் வாங்கியது உனக்குத் தெரியும், போட்டோ அனுப்பியிருந்தேன், சாம்பல் நிறம், மூக்கு கொஞ்சம் சப்பை. மூன்றாவது மாடி பூகோள வாத்தியாருடைய கார்தான் அது, சின்ன வயதில் நீ ஒட்டகச்சிவிங்கி என்று பெயர் வைத்தாயே, அவரேதான். அவ்வளவு உயரத்தையும் மடக்கிக்கொண்டு பதினோரு வருஷம் அதற்குள் எப்படி உட்கார்ந்தாரோ. மகனோடு போய் இருக்கப்போகிறேன் என்று விற்றுவிட்டார். முதலில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு வாங்குங்கள் என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். அப்பா கேட்கவில்லை. முப்பத்தொரு வருஷம் டிப்போவில் என் கையெழுத்து இல்லாமல் ஒரு பஸ் வெளியே போனதில்லை, இந்தத் தீப்பெட்டிக்கு இன்னொருத்தன் வந்து பார்க்கணுமா என்று சிரித்தார். வாங்கி வந்து நிறுத்திய மறுநாள் சனிக்கிழமை, காலை ஏழு மணிக்கே கட்டிடத்துக்குப் பின்னால் பழைய பேப்பரை விரித்து வேலையை ஆரம்பித்துவிட்டார். என்னை ஸ்டூலில் உட்காரவைத்து உன்னுடைய பழைய கணக்கு நோட்டைக் கையில் கொடுத்தார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதி டிக் போட வேண்டும்.

ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவரை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்தேன். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, வெளிச்சத்தில் காட்டி, முகர்ந்து பார்த்தார். மிதியடியைத் தூக்கித் துரு இருக்கிறதா என்று விரலால் சுரண்டினார். ஒவ்வொரு பெல்ட்டையும் வெடுக்கென்று இழுத்தார். ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினால்தான் ஹார்ன் அடிக்கிறது என்று கண்டுபிடித்து, வாத்தியார் இத்தனை வருஷமாக இடது பக்கம் வருகிறவர்களை மட்டும்தான் எச்சரித்திருக்கிறார் என்றார். ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயில் மயிரிழை போல ஒரு வெடிப்பு, என் கண்ணுக்குத் தெரியவே இல்லை, அவர் விரல் வைத்துக் காட்டினார். டயரில் போட்டிருக்கும் வருஷத்தை எழுதினாயா என்று மட்டும் இரண்டு மூன்று தடவை கேட்டார். எழுதிவிட்டேன் என்றேன். குஷியில் கேட்கிறார் என்று நினைத்தேன்.

பிரேக்கைப் பார்ப்பதற்காக நான்கு சக்கரங்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். கடைசியாக இடது முன்சக்கரம். அதை மாட்டி நட்டுகளைக் கையால் திருகிவிட்டு ஜாக்கியை இறக்கினார். நான் அந்த நேரம் பார்த்து டீ ஆறிப்போகும், உள்ளே வந்து குடித்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டேன். வந்தார், குடித்தார், கை கழுவினார், வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் நானும் போனேன். காரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, எழுது, நாலு வீலும் டைட் என்றார். எழுதி டிக் போட்டேன். நோட்டு இதோ என் பக்கத்தில் இருக்கிறது, என் கையெழுத்துதான்.

திங்கட்கிழமை கீழ்வீட்டுத் தையல்காரரின் மகளுக்கு ஆஸ்பத்திரியில் செக்கப். அவளுக்கு எட்டு மாதம். ஆட்டோ எதற்கு, நம் வண்டி இருக்கும்போது என்று அப்பாதான் கூப்பிட்டார். நானும் அவளும் பின்னால் உட்கார்ந்தோம். பள்ளிக்கூடத்தைத் தாண்டி இறக்கத்தில் போகும்போது டக் டக் என்று ஒரு சத்தம். ரோடு சரியில்லை என்றார். புதிதாகப் போட்ட ரோடு, கண்ணு. நிறுத்துங்கள் என்றேன், கேட்கவில்லை. சத்தம் கூடிக்கொண்டே போனது, ஸ்டியரிங் அவர் கையில் கிடந்து ஆடியது, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து இழுத்தது. அந்தப் பெண் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை, அதுதான் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. எப்படியோ ஓரத்தில் ஒரு கிடங்குச் சுவரை ஒட்டி நிறுத்திவிட்டார். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தால் பாலம். அதற்குமேல் நான் எழுதவில்லை.

இறங்கிப் பார்த்தால் அந்தச் சக்கரத்தில் நான்கு நட்டில் இரண்டைக் காணோம். மற்ற இரண்டும் விரலால் தொட்டாலே சுற்றின. அப்பா குனிந்து பார்த்தவர் நிமிரவில்லை, அப்படியே நடைபாதைக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். நான் அந்தப் பெண்ணை ஒரு ஆட்டோவில் ஏற்றி அவள் அப்பாவுக்குப் போன் பண்ணிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "முறுக்கினேன்மா. கடைசியா கால வச்சு மிதிச்சுக்கூட முறுக்கினேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

நானும் நம்பினேன். நட்டு தேய்ந்திருக்கும், வாத்தியார் ஏமாற்றிவிட்டார் என்றுகூட நினைத்துப் பாவம் அவரை மனதுக்குள் திட்டினேன். வீட்டுக்கு வந்து சர்க்கரை டப்பாவை எடுக்கப் போனேன். அதன் பின்னால் நட்டு முறுக்கும் வீல் ஸ்பேனர் இருந்தது. சனிக்கிழமை டீ குடிக்க வந்தபோது கையோடு கொண்டுவந்து வைத்தது. நடுவில் இரண்டு நாள் நானே அதை நகர்த்திவிட்டுச் சமைத்திருக்கிறேன், என்ன ஏது என்று யோசிக்கவில்லை. ஸ்பேனர் வெளியே போகவே இல்லை. பிறகு எதை வைத்து முறுக்கினார், எந்தக் காலால் மிதித்தார்? மறப்பது எல்லாருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. நடக்காத ஒன்று அவருக்கு அவ்வளவு தெளிவாக ஞாபகம் இருக்கிறதே, அதை நான் என்னவென்று சொல்வேன்?

வண்டியை ஒர்க்ஷாப்புக்கு இழுத்துப் போனார்கள். அதை நடத்துவது ஒரு அம்மா, என்னைவிடச் சின்னவள்தான், கை முழங்கைவரை கறுப்பு. நம் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பெரியவர் எழுதச் சொன்னது எல்லாம் சரியாக இருக்கிறது, அந்த ரப்பர் குழாய் வெடிப்பை நானே தவறவிட்டிருப்பேன், இந்த ஒரு சக்கரம்தான் என்றாள். அவள் நல்லதாகத்தான் சொன்னாள். அதைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

உன்னிடம் மறைத்ததையும் சொல்லிவிடுகிறேன், திட்டாதே. நான்கைந்து மாதமாகவே இப்படித்தான். ஒருநாள் காலையில் டிப்போ சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்வரை போய்த் திரும்பி வந்தார், நடக்கப் போனேன் என்றார். உன் குழந்தையின் பெயரைச் சொல்ல வரும்போது உன் பெயரைச் சொல்லிவிட்டுச் சிரித்து மழுப்பினார். வயசு என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்றைக்கே வாயைத் திறந்திருந்தால் அந்தப் பெண்ணை அந்த வண்டியில் ஏற்றியிருக்க மாட்டேன். அவளும் வயிற்றில் இருப்பதும் நன்றாக இருக்கிறார்கள், டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டார். தையல்காரர் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. ஆனால் படியில் எதிரே வந்தால் குனிந்துகொண்டு போகிறார். அதற்குப் பதில் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

போன வாரம் நரம்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன், என் முழங்காலுக்கு என்று பொய் சொல்லித்தான். அங்கே போனதும் புரிந்துகொண்டார். கடிகாரம் வரையச் சொன்னார்கள், அழகாக வரைந்தார். மூன்று வார்த்தை சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்டார்கள். இரண்டு சொன்னார். மூன்றாவதுக்கு என் முகத்தைப் பார்த்தார். எனக்குத் தெரியும், சொல்லக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன். ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. வருகிற இருபத்திரண்டாம் தேதி முடிவு சொல்லும்போது பிள்ளைகள் யாராவது கூட இருந்தால் நல்லது என்றார் டாக்டர். உனக்கு லீவு கிடைப்பது கஷ்டம் என்று தெரியும். இத்தனை வருஷத்தில் வா என்று நான் உன்னைக் கூப்பிட்டதில்லை. இப்போது கூப்பிடுகிறேன்.

காரை விற்றுவிடு என்று நீ சொல்வாய். வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு இனி அடிக்கடி போகவேண்டியிருக்கும், அதனால் நானே ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன், டிரைவிங் ஸ்கூலில் பெயர் கொடுத்துவிட்டேன். சாவியை நான் கேட்கவில்லை. அவராகவே நேற்றுக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். வைத்துவிட்டு, ஸ்பேனர் எங்கே கிடைத்தது என்று கேட்டார். டிக்கியில் என்றேன். முப்பத்தைந்து வருஷமாக என்னோடு இருக்கிறவர் இல்லையா, என் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பிறகு சொன்னார்: "பாப்பாவுக்கு நீ எழுதுவேன்னு தெரியும். அப்பா மறந்துட்டார்னு எழுதாத. அப்பா சரியா முறுக்கலைன்னு எழுது."

இரண்டையும் எழுதிவிட்டேன். நீ வரும்போது அவர் சொன்னதை மட்டும் தெரிந்தவளாக வா.

குழந்தைக்கு என் முத்தம். நீங்கள் மூன்று பேரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். மாப்பிள்ளையிடம் தனியாகச் சொல்லு, போனில் துக்கம் விசாரிக்கிற மாதிரி பேச வேண்டாம், எப்போதும் போல அப்பாவோடு வாயாடட்டும். முக்கியமாக ஒன்று, அவர் கேட்டதையே திரும்பக் கேட்டால், இப்போதுதானே சொன்னேன் என்று சொல்லிவிடாதே. முதல் தடவை கேட்ட மாதிரியே பதில் சொல்லு.

இப்படிக்கு
உன் வரவைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அம்மா