வெள்ளைச் சட்டைகளுக்காக நனைத்த குவியல்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் கையும் காலும் வாயுமாக நன்றாக இருக்கிறோம், வாய் மட்டும் தேவைக்கு அதிகமாகவே நன்றாக இருக்கிறது. நீ இப்போது எந்தக் கடலில் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறாயோ தெரியாது, எங்கே இருந்தாலும் நேரத்துக்குச் சாப்பிட்டு, காய்ந்த சாக்ஸ் போட்டுக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நானே முடிவு செய்து வைத்திருக்கிறேன், அதைப் பொய்யாக்கிவிடாதே. போனில் பேசினால் நாலாவது வார்த்தைக்கே உன் குரல் கிணற்றுக்குள் போய்விடுகிறது, அதனால்தான் உன் கம்பெனி ஆபீஸ் விலாசத்துக்கு எழுதுகிறேன். எந்தத் துறைமுகத்தில் கைக்கு வருகிறதோ அங்கே உட்கார்ந்து படி. போன தடவை, நம்முடைய முதல் கப்பல் என்னம்மா ஆச்சு என்று கேட்டாய். எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுடா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அது சுத்தப் பொய். உன் அப்பா என் முதுகுக்குப் பின்னால் பேப்பர் படிக்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தார், அதனால் அப்படிச் சொன்னேன்.

நீ கப்பல் வேலைக்கு ஓடிப்போகும்போது (அவர் இன்னும் ஓடிப்போனான் என்றுதான் சொல்கிறார், நாங்கள் எல்லோரும் வந்து வழியனுப்பியது அவருக்கு ஞாபகம் இல்லை) நமக்கு ஒரே ஒரு குழி, பதினாறு லாரி. தோண்டுகிற இரும்புத்தாதுவை உருக்காலை வாசலில் கொட்டிவிட்டு வருவோம், அதோடு சரி. இந்த இரண்டு வருஷத்தில் அவருக்கும் பெரியவனுக்கும் என்ன பிடித்ததோ, இரண்டாவது குழி, அதன் வாயில் புதிதாக ஒரு நொறுக்கும் ஆலை, அங்கிருந்து கடற்கரை வரைக்கும் ஒன்பது கிலோமீட்டருக்குக் கன்வேயர் பெல்ட், பெல்ட் முடிகிற இடத்தில் கப்பல் வந்து நிற்கச் சொந்தமாக ஒரு துறை என்று ஏகத்துக்கும் விரித்துவிட்டார்கள். சாப்பாட்டு மேசையில் கரண்டியைப் பெல்ட்டாகவும் சர்க்கரைக் கிண்ணத்தைக் கப்பலாகவும் வைத்து இவர் விளக்கிக்கொண்டே இருப்பார். ஒரு நாள் உன் அண்ணி பொறுக்க முடியாமல், மாமா, அந்தக் கப்பலைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க, காபி ஆறுது என்று சொல்லிவிட்டாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, நங்கூரம் எடுக்கிற மாதிரி மெதுவாகத் தள்ளினார். அவ்வளவு சந்தோஷமாக அந்த மனுஷனை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. வாங்குகிற வெளிநாட்டுக்காரனோடு பத்துக் கப்பலுக்கு ஒப்பந்தம், முதல் கப்பலை வந்த நாளிலிருந்து ஏழு நாளைக்குள் நிரப்பி அனுப்பாவிட்டால் அவன் மீதி ஒன்பதையும் வேறு ஆளிடம் வாங்கிக்கொள்ளலாம் என்பது அதில் ஒரு ஷரத்து. அதைப் படிக்கும்போது எல்லோரும் சிரித்தார்கள், ஏழு நாள் எதுக்கு, ரெண்டே நாள் போதுமே என்று.

என் ராஜ்ஜியம் மட்டும் அதே பழைய சாம்பிள் அறைதான். அதே தராசு, அதே தகரத் தட்டு, கதவைக் காலால் உதைத்தால்தான் மூடுகிற அதே ஓவன். தாதுவை எடை போட்டு, காயவைத்து, திரும்ப எடை போட்டால் குறைந்தது எவ்வளவோ அவ்வளவு தண்ணீர். உருக்காலைக்காரனுக்கு ஈரம் என்றால் எடைச் சண்டை, வாய்ச் சண்டையோடு போய்விடும். கப்பலுக்கு அப்படி இல்லை என்பது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தூளாக இருக்கிற தாது அளவுக்கு மேல் நனைந்திருந்தால் அலையில் ஆட ஆடக் கஞ்சியாகிவிடும், கஞ்சி ஒரு பக்கம் சாயும், கப்பலும் கூடவே சாயும். நம் தாதுவுக்கு நூற்றுக்கு எட்டு வரைதான் தண்ணீர் இருக்கலாம். கப்பல் வருவதற்கு ஒரு வாரம் முன்னால் குவியலை நாலு இடத்தில் ஆழமாகத் தோண்டி எடுத்து நானே பார்த்தேன், ஆறே முக்கால். சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், அந்தத் தாள் கேப்டன் கைக்குப் போய்விட்டது.

இனிமேல்தான் நம் வீட்டு லட்சணம் ஆரம்பிக்கிறது. உன் அப்பாவுக்குத் தூசி என்றால் எவ்வளவு பயம் என்று உனக்குத் தெரியும். முன்னொரு காலத்தில் பக்கத்துத் தெரு டீச்சரம்மா காயப்போட்ட வெள்ளைப் போர்வை செங்கல் நிறமாகி, அதைக் கொண்டுவந்து ஆபீசில் அவர் மேசை மேல், டீ டம்ளர் மேலேயே போட்டுவிட்டுப் போனாள் அல்லவா, அன்றையிலிருந்து எந்தக் குவியலைக் கண்டாலும் தண்ணீர் அடிக்காமல் இருக்க மாட்டார். மற்ற ஆண்கள் செடிக்கு ஊற்றுவார்கள், இவர் மண்மேட்டுக்கு ஊற்றுவார். துறையைத் திறந்து முதல் கப்பலுக்கு ஏற்றுகிற நாளைக்குப் பேங்க் மேனேஜர், துறைமுக அதிகாரி, உருக்காலை முதலாளி என்று ஒரு கூட்டமே வருகிறது, அத்தனை பேரும் வெள்ளைச் சட்டைக்காரர்கள். என்ன செய்தார் தெரியுமா, முந்தின இரண்டு நாளும் ஆறு தண்ணீர் லாரியைக் கொண்டுவந்து, அந்தக் கப்பலுக்குப் போகிற குவியலைக் குளிப்பாட்டு குளிப்பாட்டென்று குளிப்பாட்டியிருக்கிறார். யாருக்காவது உறைத்ததா என்றால் இல்லை. விருந்தாளி வந்தால் வீட்டைப் பெருக்குகிற மாதிரி நமக்கு அது ஒரு மரியாதை. நான் அந்த இரண்டு நாளும் வந்தவர்களுக்கு நாற்காலி போதுமா, பிஸ்கட் போதுமா என்று எண்ணிக்கொண்டிருந்தேன், என் மேலும் தப்பு இருக்கிறது.

திறப்பு நாள் காலையில் குவியல் பக்கம் போனேன். புதுச் செருப்பு. நாலு அடி வைத்ததும் கணுக்கால் வரைக்கும் உள்ளே போய், கால் வந்தது, செருப்பு வரவில்லை. ஒற்றைச் செருப்போடு ஓடிப்போய் அவரிடம் சொன்னேன், இந்தச் சரக்கை ஏத்தக் கூடாது, நான் கொடுத்த தாள் இப்ப பொய்யாயிடுச்சு என்று. அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே, மேலதான் ஈரம், வெயில்ல காஞ்சிடும், இன்னைக்கு ஒரு நாளாவது வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரு என்றார். பெரியவன், அம்மா நீங்க கையெழுத்துப் போட்டாச்சு, இனிமே அது உங்க கையில இல்ல என்றான். சரக்கு ஏஜென்ட் ஒருத்தர் இருக்கிறார், எதைச் சொன்னாலும் ஆகட்டும் ஆகட்டும் என்பதால் நாங்கள் அவரை ஆகட்டும் என்றே கூப்பிடுகிறோம், அவர் என் கால் விரலில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்துக்கொண்டே அதற்கும் ஆகட்டும் என்றார்.

நான் என்ன செய்வேன். சாம்பிள் அறையில் டீ போட வைத்திருந்த பால் பவுடர் டப்பாவைக் காலி செய்தேன், குவியலில் முழங்கை ஆழத்துக்குத் தோண்டி எடுத்து அதில் பாதி நிரப்பினேன். நேரே பந்தலுக்குப் போனேன். பேங்க் மேனேஜர் அப்போதுதான் பச்சைப் பொத்தானை அழுத்தி, பெல்ட் ஓடி, கப்பலுக்குள் தாது விழ ஆரம்பித்திருந்தது, எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். நான் விருந்தாளிகள் மேசையில் டப்பாவைத் தூக்கித் தூக்கி நங்கு நங்கென்று குத்தினேன், கப்பல் சரக்கில் ஈரம் பார்க்கக் கைப்புத்தகத்தில் போட்டிருக்கிறபடி இருபத்தைந்து தடவை. பிஸ்கட் தட்டு கீழே விழுந்தது. பாவம் அந்த மேனேஜர், நம் குடும்பத்தில் யாருக்கோ புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டார். கேப்டன் மட்டும் என்னைப் பைத்தியம் மாதிரி பார்க்கவில்லை, ஏழாவது குத்திலேயே பக்கத்தில் வந்து நின்று எண்ண ஆரம்பித்துவிட்டார். இருபத்தைந்து முடிந்ததும் இருவரும் எட்டிப் பார்த்தோம், மேலே பளபளவென்று தண்ணீர் மிதந்தது, கீழே கூழ். கேப்டன் கையை உயர்த்தினார், பெல்ட் நின்றது. கைதட்டல் அதற்கு முன்பே நின்றுவிட்டிருந்தது.

அதற்கப்புறம் ஐந்து நாள் உன் அப்பா என்னோடு பேசவில்லை. ஊரே பார்க்க என் மூஞ்சியில கரியைப் பூசிட்டா என்று உன் அண்ணியிடம் சொன்னாராம், என் காதில் விழுகிற தூரத்தில்தான். எனக்கும் அழுகை வந்தது, ஒளிக்க என்ன இருக்கிறது, இரண்டு வருஷம் அந்த மனுஷன் சர்க்கரைக் கிண்ணத்தை ஓட்டியது எனக்குத் தெரியாதா. குவியலோ காய்கிற வழியாகத் தெரியவில்லை, புரட்டப் புரட்ட அடியிலிருந்து ஈரம் வந்துகொண்டே இருந்தது. ஐந்தாம் நாள் ஆகட்டும் ஒரு தாளோடு வந்தார். டவுனில் எவனோ ஒருவன் ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறானாம், சொன்ன எண்ணைப் போட்டு முத்திரை குத்திக் கொடுப்பானாம், ஏழே கால் என்று போட்டு வாங்கிவந்துவிட்டார். கப்பல் முதலாளி தாமதத்துக்குக் கத்துகிற கத்தலில் கேப்டனும் மறுத்துப் பேச மாட்டாராம், உன் அப்பா தலையை ஆட்டினால் போதும், அன்றைக்கே ஏற்றிவிடலாம். இதற்கு என் கையெழுத்து வேண்டாம், என் டப்பாவும் வேண்டாம், என்னால் எதையும் நிறுத்த முடியாது. நான் ஓவன் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டேன், உட்கார்ந்து என்ன செய்தேன் என்று கேட்காதே, வெறும் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

உன் அப்பா அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கேப்டனை நானே பார்த்துக்கிறேன் என்று பெரியவனைக் கூட்டிக்கொண்டு போனார், ஆகட்டும் பின்னாலேயே ஓடினார். நடந்ததைப் பெரியவன் வந்து சொன்னான். தொட்டித் தண்ணீரைக் கண்டாலே ஓரமாகப் போகிற மனுஷன், அந்த ஆடுகிற ஏணியில் கண்ணை மூடிக்கொண்டு ஏறினாராம். ஏறினவர் தாளை எடுக்கவில்லை. இதுல எத்தனை பேர் இருக்காங்க என்று கேட்டாராம், இருபத்தொரு பேர் என்றார் கேப்டன். அவங்க எங்க தூங்குவாங்க என்று கேட்டாராம். கேப்டன் ஒன்றும் புரியாமல் கீழே கூட்டிக்கொண்டு போய் யாரோ ஒரு பையனுடைய அறையைக் காட்டியிருக்கிறார். உன் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கட்டிலில் படுத்துப் பார்த்தாராம். காலை நீட்டினால் பாதம் சுவரில் முட்டுகிறது. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்துவிட்டு, எழுந்து உட்கார்ந்து, சின்னவன் இப்படித்தான் கிடக்குறானா, என்னைவிட ஒசரமாச்சே அவன் என்று பெரியவனைக் கேட்டாராம். மேலே வந்ததும் அந்தத் தாளை நாலாகக் கிழித்து ஆகட்டும் கையிலேயே கொடுத்து, கப்பலை அனுப்பிடுங்க, இந்த மண்ணு இதுல ஏறாது என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கிறார். அதற்கும் அவர் ஆகட்டும் என்றாராம்.

விழுந்திருந்த கொஞ்சத்தையும் வாரி இறக்கிவிட்டுக் கப்பல் வெறும் வயிற்றோடு போய்விட்டது. ஒப்பந்தமும் போய்விட்டது, ஒன்பதையும் அவன் வேறு ஆளிடம் கொடுத்துவிட்டான். சிரிப்பவர்கள் சிரிக்கிறார்கள், சாயங்காலத்தில் நம் துறையில் மீன் பிடிக்கிறவர்கள்கூட இருக்கிறார்கள், பெல்ட்டின் மேல் காக்கை உட்கார்ந்து காற்று வாங்குகிறது. பெரியவன் புது ஆள் தேடி அலைகிறான், கிடைக்குமோ கிடைக்காதோ, எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இவர் இப்போது குவியலைச் சுற்றி வாய்க்கால் வெட்டி, மேலே கூரை போடுகிற வேலையில் நிற்கிறார். தண்ணீர் லாரி ரோட்டுக்கு மட்டும்தான். ஆறாம் நாள் சாம்பிள் அறை வாசலில் வந்து நின்று, இன்னைக்கு எவ்வளவு காட்டுது என்று கேட்டார். பத்து என்றேன். சரி, புரட்டச் சொல்றேன் என்று போனார். எங்கள் சமாதானம் இவ்வளவுதான், உனக்குத்தான் தெரியுமே.

நீ ஏறுகிற கப்பலில் என்ன சரக்கு ஏற்றினாலும் வெட்கப்படாமல் கேள், பெரியவர்கள் முறைத்தால் முறைக்கட்டும். பல்வலிக்கு மாத்திரை விழுங்கி ஒப்பேற்றாதே, டாக்டரிடம் காட்டு. நீ எல்லாச் சுகமும் பெற்று நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், போன கடல் எல்லாவற்றிலிருந்தும் முழுசாக வீடு வந்து சேர வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நேற்று மத்தியானம் இவர் பட்டறைக்காரரை வீட்டுக்கு வரச்சொல்லி, உன் அறைக் கட்டிலின் கால்மாட்டை அறுத்து நீளமாக்கச் சொன்னார். அவர் எவ்வளவு நீளம் என்று கேட்டதற்கு இவருக்குப் பதில் தெரியவில்லை, என்னைப் பார்த்தார், எனக்கும் சரியாகத் தெரியவில்லை. உன் உயரத்தை அளந்துகொள். எனக்கு எழுத வேண்டாம், அவருக்கே போன் பண்ணிச் சொல்.

இப்படிக்கு,
உன்னை எப்போதும் நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா