கயத்தாற்றில் நின்ற வண்டி

3 நவம்பர் 2024, ஞாயிறு. ஓசூர்

காலை பூராவும் மோட்டார் சைக்கிளைக் கழுவினேன். செயின் தளர்ந்து கடகடவென்று சத்தம் போடுகிறது. மாற்ற வேண்டும். அடுத்த வாரம் பார்ப்போம். இந்தப் பழைய இரும்பை ஏன் கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று பக்கத்து அறைக்காரன் கேட்டான். இது வாப்பாவின் வண்டி. கைலி மூட்டையைப் பின்னால் கட்டி, களக்காடு, திசையன்விளை என்று ஊர் ஊராகப் போய் விற்றுத்தான் என்னை ஐடிஐ படிக்க வைத்தார். ஒருமுறை டயர் வெடித்து, வழியில் விட்டுவர மனசில்லாமல் ஏர்வாடியிலிருந்து நாங்குநேரி வரை தள்ளிக்கொண்டே வந்த மனுஷர். அவனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பான்.

6 நவம்பர்

உம்மா போன். வாப்பாவுக்கு மூச்சு இளைக்கிறதாம். "நீ ஒண்ணும் ஓடி வராண்டாம். பைய வா." குரலே சரியில்லை. கம்பெனியில் லீவு கேட்டிருக்கிறேன்.

8 நவம்பர், வெள்ளி. திண்டுக்கல்

ரயிலில் இடமில்லை. வண்டியிலேயே மேலப்பாளையத்துக்குக் கிளம்பிவிட்டேன். கரூர் தாண்டியதும் அடித்த மழையில் தொப்பலாக நனைந்து, இங்கே ஒரு லாட்ஜில் கிடக்கிறேன். உம்மாவிடம் பேசினேன். "எம்மவன் வாரான், வண்டிச் சத்தம் கேக்குதான்னு பாருன்னுதான் சொல்லிக்கிட்டுக் கெடக்காவ" என்றாள். விடிந்ததும் போய்விடுவேன் வாப்பா.

9 நவம்பர்

வாப்பா மவுத்தாகிவிட்டார். விடியற்காலை சுபுஹு பாங்கு சொல்லும்போதாம். கிளம்புகிறேன்.

10 நவம்பர், ஞாயிறு. மேலப்பாளையம்

எழுதித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

நேற்று கயத்தாற்றுக்குள் நுழையும்போது செயின் அறுந்தது. அறுந்த வேகத்தில் பின் பல்சக்கரத்தில் சிக்கி அதன் பல்லும் போயிற்று. விழாமல் நின்றதே பெரிய விஷயம். தள்ளிக்கொண்டு போய் ஒரு ஒர்க்ஷாப்பில் நிறுத்தினேன். மெக்கானிக் அம்பலவாணன் குனிந்து பார்த்துவிட்டு, "செயின் செட்டையே மாத்தணும் பாய். இந்த வண்டிக்கு இங்கன கெடைக்காது. கோவில்பட்டில சொல்லி பஸ்ல குடுத்துவிடச் சொல்லுதேன். அரை மணி நேரம்" என்றார்.

அரை மணி நேரம். நேற்று முழுக்க அந்த ஆள் வாயில் வேறு கணக்கே வரவில்லை.

அப்ராருக்குப் போன் போட்டேன். வாப்பாவின் தங்கை நஃபீஸத் மாமியின் மகன். "மத்தியானம் லுஹரு தொழுததும் அடக்கம்னு பேசுதாவ மச்சான். வண்டியப் போட்டுட்டு பஸ்ஸப் புடி" என்றான். "வாப்பா வண்டிய வழியில போட்டுட்டு வாப்பா மையித்துக்கு வரச் சொல்லுதியாலே?" என்று கத்தினேன். நான் வராமல் எப்படி எடுப்பார்கள்? மகன் வராமல்?

கொஞ்ச நேரம் கழித்து அவனே கூப்பிட்டான். சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு என்று தள்ளி வைத்திருக்கிறார்களாம். "அங்கனயே நில்லு, நான் வந்து கூட்டிட்டு வாரேன்" என்றான். வேண்டாம், செட் வந்ததும் மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் என்றேன். எனக்காகக் காத்திருக்கிறார்கள் என்று மனசுக்குள் ஒரு திமிர் வேறு. வாப்பாவின் வண்டியை வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுத்தான் அவரைத் தூக்க வேண்டும் என்று ஒரு கிறுக்கு. என்ன நினைப்பு அது? யாருக்கு வேண்டியிருந்தது அந்த வண்டி?

பஸ் வந்தது. ஓடினேன். கண்டக்டர் பொட்டலத்தைக் கையில் கொடுத்தார். திருநெல்வேலி போகும் பஸ். பாதி சீட் காலி. "ஏறலையா அண்ணாச்சி?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். விசில் அடித்தார். போய்விட்டது.

கண்ணை மூடினால் அந்தக் காலி சீட்டுகள்தான் தெரிகின்றன.

முன்பக்கத்துப் பல்சக்கரத்து நட்டு துருவேறி அசையவில்லை. வெட்டி எடுக்க வேண்டும் என்றார் அம்பலவாணன். மறுபடி அரை மணி நேரம். கயத்தாற்றுப் பள்ளிவாசலில் அசர் பாங்கு கேட்டது. நான் கையில் ஸ்பேனரோடு நின்றேன். அப்ராரைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அப்போதும் நம்பிக்கொண்டுதான் இருந்தேன், வாப்பாவை எடுத்திருக்க மாட்டார்கள் என்று.

ஆற்றுப் பாலம் ஏறும்போது வெயில் இறங்கிவிட்டது. எங்கள் தெருவில் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பள்ளிவாசல் சுவரோரம் சந்தூக்கைக் கழுவிச் சாய்த்து வைத்திருந்தார்கள். அதன் கால்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வாப்பாவைச் சுமந்த பெட்டி. அதற்கு என் தோள் இல்லை.

கபரில் ஈர மண். எல்லாரும் போட்டு முடித்த பிறகு நானும் ஒரு பிடி போட்டேன்.

வீட்டுக்குப் போனால் உள் அறைக்குத் திரை போட்டாயிற்று. மாமி வந்து கையால் மறித்தாள். "உங்கும்மா இத்தாவுல உக்காந்துட்டா. நீ வெளிய இரி." புருஷனை இழந்தவளை நாலு மாதம் பத்து நாள் அந்நிய ஆண் யாரும் பார்க்கக் கூடாது. பெற்ற பிள்ளை என்றால் உள்ளே போகலாம். நான் பெற்ற பிள்ளை இல்லை. வாப்பாவின் தம்பி மகன். பெற்றவர்கள் போன பிறகு நாலு வயதில் இந்த வீட்டுக்கு வந்தவன். இத்தனை வருஷத்தில் நேற்றுதான் அது நினைவுக்கு வந்தது.

11 நவம்பர்

திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து உம்மா, உம்மா என்று கூப்பிட்டேன். வளையல் கழற்றிய கை திரைக்குக் கீழே தெரிந்தது. நான் கூப்பிட்டதும் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. சோறு ஊட்டிவிட்ட பொம்பளைக்கு நான் அந்நியனா? பேசக்கூடக் கூடாதா? பெத்தவனா இருந்தா காத்துக் கெடந்திருப்பாவல்லா? வளத்த புள்ளதானன்னு தூக்கிட்டாவ. தூக்கட்டும். நல்லா இருக்கட்டும் எல்லாரும்.

12 நவம்பர்

மேலே எழுதியதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும். என் லட்சணம் எனக்குத் தெரிய வேண்டும்.

டீக்கடையில் அப்ராரிடம் இதையேதான் கொட்டினேன். அவன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டான்.

"வெவரம் தெரியாமப் பேசாத மச்சான். லுஹருக்கே எடுக்கதா இருந்தது. உங்கும்மாதான் மையித்துக் கட்டிலப் புடிச்சுக்கிட்டு விடல. எம்மவன் பஸ் ஏறிட்டான், இந்தா வந்துருவான்னு எல்லாத்துக்கிட்டயும் மல்லுக்கு நின்னா. மையித்தக் காக்க வைக்கக் கூடாதுன்னு பெரியாளுவ ஏசுனாவ. வாங்கிக்கிட்டா. அசரு முடிஞ்சு தூக்குனப்ப வாசல் வரைக்கும் வந்து தெருவப் பாத்துக்கிட்டே நின்னா."

நான் பஸ் ஏறியதாக யார் சொன்னது என்று கேட்டேன்.

"யாரு சொல்லணும்? புத்தியுள்ளவன் ஏறியிருப்பாம்லா."

பிறகு இன்னொன்றும் சொன்னான். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டார்களாம். வளர்த்த பிள்ளை, திரைக்கு வெளியே இருந்து தாராளமாகப் பேசலாம், ஆறுதல் சொல்லலாம் என்றுதான் சொன்னாராம். உம்மாதான் வேண்டாம் என்றுவிட்டாள்.

அப்படியானால் மறித்தது இத்தா இல்லை.

13 நவம்பர்

எழுத ஒன்றும் இல்லை. கபருக்குப் போனேன். மழையில் மண் உள்வாங்கியிருந்தது. சரி செய்துவிட்டு வந்தேன்.

14 நவம்பர், வியாழன்

லீவு முடிந்தது. பையை மாட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் நின்று, "உம்மா, போயிட்டு வாரேன்" என்றேன். மாமி உள்ளே எதையோ கிசுகிசுத்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். பதில் வராது என்று திரும்பும்போது குரல் கேட்டது. நாலைந்து நாளாகப் பேசாத தொண்டை, கரகரவென்று இருந்தது.

"வண்டி சரியாயிட்டா?"

"ஆயிட்டும்மா" என்றேன்.

வெளியே வந்து உதைத்தேன். முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆயிற்று. வழியில் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. ஓசூர் வரை ஒரு சத்தம் இல்லாமல் ஓடியது. எங்காவது ஒரு லாரியில் போய் மோதிக்கொள்ளலாமா என்று இருந்தது.

20 டிசம்பர்

வண்டியை அன்றைக்கு நிறுத்தியதுதான். தொடவில்லை. விற்கவும் கை வரவில்லை.

26 ஜனவரி 2025

வெள்ளிக்கிழமை தவறாமல் வீட்டுக்குப் போன் போடுகிறேன். மாமி எடுக்கிறாள். உம்மா சாப்பிட்டாளா, மாத்திரை போட்டாளா என்று கேட்கிறேன். சொல்கிறாள். "குடுக்கவா?" என்று ஒருமுறை அவளாகவே கேட்டாள். உள்ளே யாரோ ஏதோ சொன்னார்கள். "தூங்குதா" என்றாள்.

இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல? ஒரு தகப்பனை இழந்தவனுக்கு ஆறுதல் சொல்ல ஆள் இருக்கிறது. செயின் மாட்டிக்கொண்டு நின்றவனுக்கு என்ன சொல்வார்கள்?

2 மார்ச்

நோன்பு ஆரம்பம். விடியுமுன் ஸஹருக்குப் பாலும் பழமும். வாப்பாவுக்காக துஆ கேட்க உட்கார்ந்தால் மன்னிப்புத்தான் வாயில் வருகிறது.

18 மார்ச், செவ்வாய்

நோன்பு திறந்து கஞ்சியை வாயில் வைக்கும்போது மாமி போன். இத்தா முடிந்துவிட்டது. உம்மா குளித்து, வேறு புடவை கட்டி, வெளியே வந்துவிட்டாள். எலும்பும் தோலுமாக இருக்கிறாளாம்.

"பெருநாளைக்கு உன்ன வரச் சொல்லுதா" என்றாள் மாமி. "இருக்கியாலே? கேக்கா? பஸ்ல வரச் சொல்லுதா."

"வேற ஏதும் சொன்னாளா மாமி?"

"இல்ல. அம்புட்டுத்தான்."

கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். பெருநாள் நேரம். அந்த வாரத்துத் திருநெல்வேலி பஸ் ஒன்றில்கூட சீட் இல்லை என்றார்கள். பரவாயில்லை. ஊர் வரைக்கும் நின்றுகொண்டே போகிறேன்.